வீரனுக்கு வயது என்ன?
மூன்று முறை குரல் உடைந்தும் மக்கள் மனத்தில் இளைஞராகவே நின்ற எம்.ஜி.ஆரின் கதை

வானத்தில் பறந்து வந்து ஏழைகளைக் காப்பாற்றும் வீரனாக நடிப்பதற்கு ஒரு நடிகருக்கு எத்தனை வயது இருக்க வேண்டும்?

பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த வாதம் இது. பேரன் கல்லூரி மாணவன். 2025-ம் ஆண்டில் வெளிவந்த புதிய ‘சூப்பர்மேன்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். அதில் நடித்த டேவிட் கோரன்ஸ்வெட்டுக்கு அப்போது வயது 32. அதுதான் சரியான வயது, நாற்பதைத் தாண்டியவர்கள் வீரன் வேடத்தைத் தொடவே கூடாது என்பது அவன் கட்சி.

பாட்டிக்குச் சிரிப்பு வந்தது. கீற்றுக் கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, அவள் கைதட்டிப் பார்த்த வீரனுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். அன்று அது அவளுக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தபோதும் அதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை.

பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அந்த வீரனின் வாழ்க்கையைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். அவர் வேறு யாருமல்ல, எம்.ஜி.ஆர். என்ற மூன்றெழுத்தால் தமிழ்நாடு அறிந்த எம்.ஜி. ராமச்சந்திரன்.

உலகத்து வீரர்கள்

முதலில் வெளிநாட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

சூப்பர்மேன் என்ற வீரன் அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகத்தில் பிறந்தது 1938-ம் ஆண்டில். 1952-ம் ஆண்டில் தொலைக்காட்சியில் அந்த வேடம் போட்ட ஜார்ஜ் ரீவ்ஸுக்கு வயது 38. 1978-ம் ஆண்டில் வெள்ளித்திரையில் அதே வேடத்தில் வந்து உலகப் புகழ் பெற்ற கிறிஸ்டோபர் ரீவுக்கு வயது 26.

அதற்கும் முன்னால், பேசாத படங்களின் காலத்தில், டக்ளஸ் பேர்பாங்ஸ் என்ற நடிகர் இருந்தார். முகமூடி அணிந்து, வாள் வீசி, ஏழைகளைக் காக்கும் ஜோரோவாக அவர் 1920-ம் ஆண்டில் நடித்தபோது வயது 37. இரண்டு ஆண்டு கழித்து ராபின் ஹுட் ஆனார். அதே ராபின் ஹுட் வேடத்தை 1938-ல் ஏற்ற எரால் பிளின்னுக்கு வயது 28.

ஆக, மேல்நாட்டிலும் இதற்கு ஒரே கணக்கு இல்லை. இருபத்தாறிலும் வீரன் இருக்கிறான், முப்பத்தெட்டிலும் வீரன் இருக்கிறான். ஆனால் அறுபதை எட்டும் வரை வாளைக் கீழே வைக்காத வீரன் நம் ஊரில்தான் இருந்தார்.

கும்பகோணத்துச் சிறுவன்

இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டி என்ற ஊர். அங்கே 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி ராமச்சந்திரன் பிறந்தார். தந்தை கோபால மேனன். தாயார் சத்யபாமா. சின்னஞ்சிறு வயதிலேயே தந்தை காலமானார். தாயார் பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

வீட்டில் வறுமை. அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் ஆனையடிப் பள்ளியில் படித்தார்கள். படிப்பு தொடக்கப் பள்ளியைத் தாண்டவில்லை. பசி பள்ளிக்கூடத்தை வென்றது. பிள்ளைகள் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். ராமச்சந்திரனுக்கு அப்போது ஆறேழு வயதுதான் இருக்கும்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பையன்களை மட்டுமே வைத்து நடத்திய நாடகக் குழு அது. ராமனும் பையன், சீதையும் பையன், ராவணனும் பையன். கம்பெனி வீட்டில் சாப்பாடு கிடைக்கும். அதற்கு ஈடாக விடியற்காலையிலேயே எழுந்து பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் பழக வேண்டும். தப்புச் செய்தால் அடி விழும். அந்தக் கம்பெனியில் காளி என். ரத்தினம் பையன்களைப் பழக்கினார். ராஜபார்ட் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் பி.யு. சின்னப்பா. அவர் ராமச்சந்திரனை விட ஒரு வயதுதான் மூத்தவர்.

முதல் முறை குரல் உடைந்தது

பாய்ஸ் கம்பெனியில் வயதுக்கு ஒரு கடுமையான சட்டம் உண்டு. பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால், அதாவது குழந்தைக் குரல் மாறிக் கரகரத்தால், அவன் போட்டு வந்த வேடம் கையை விட்டுப் போய்விடும். நேற்று வரை கிருஷ்ணனாக நின்றவன் இன்று படுதாவுக்குப் பின்னால் நிற்பான். அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசை வரை கேட்கும் மணிக்குரல்தான் நடிகனுக்கு மூலதனம். ஆகவே வீரனுக்கு ஏற்ற வயது எது என்ற கேள்விக்கு அன்றைய நாடக உலகம் சொன்ன பதில், குரல் உடையும் வரை என்பதுதான்.

அந்தப் பருவம் ராமச்சந்திரனுக்கும் வந்தது. குரல் மாறியது. ஆனால் உடம்பில் பதிந்த பழக்கம் மாறவில்லை. பாட்டினால் மேடையை ஆள முடியாது என்று கண்ட இளைஞர் கத்தியையும் சிலம்பத்தையும் உடற்பயிற்சியையும் விடாமல் பிடித்துக் கொண்டார். நாடகக் குழுவுடன் பர்மாவுக்குப் போய் ரங்கூனிலும் நடித்து வந்தார்.

1936-ம் ஆண்டில் ‘சதி லீலாவதி’ படத்தில் சின்னதொரு போலீஸ் அதிகாரி வேடம் கிடைத்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம் அது. கதாநாயகன் எம்.கே. ராதா. ராமச்சந்திரனுக்கு வயது 19. இனி கவலை இல்லை, கதாநாயகன் ஆகிவிடலாம் என்று எந்த இளைஞனும் நினைத்திருப்பான். ஆனால் அதற்கு இன்னும் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பதினோரு ஆண்டுக் காத்திருப்பு

அது பாட்டுக்காரர்களின் காலம். பாடத் தெரிந்தவரே கதாநாயகன். எம்.கே. தியாகராஜ பாகவதர் வாய் திறந்தால் ஊரே சொக்கி நின்றது. பி.யு. சின்னப்பா 1940-ம் ஆண்டில் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் வந்து வெற்றிக்கொடி நாட்டினார். ராமச்சந்திரனோ துணை வேடங்களில் வந்து போனார். 1941-ல் பாகவதர் நடித்த ‘அசோக் குமார்’ படத்திலும் அவருக்குச் சிறு பங்கே கிடைத்தது. 1946-ல் ‘ஸ்ரீமுருகன்’ படத்தில் சிவபெருமானாக வந்து ஆடினார்.

கடைசியில் 1947-ம் ஆண்டு ஏப்ரலில் ஜூபிடர் நிறுவனத்தாரின் ‘ராஜகுமாரி’ வெளிவந்தது. ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கினார். வசனம் எழுதியவர்களில் ஒருவர் இளைஞராயிருந்த மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். அப்போது வயது 30.

இன்றைய இளைஞனுக்கு முப்பது என்பது தொடக்கமாகத் தோன்றலாம். எம்.ஜி.ஆருக்கோ அதற்குள் மேடையிலும் திரையிலுமாக இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் சேர்ந்திருந்தது. அப்படியும் வழி உடனே திறந்துவிடவில்லை. மறு ஆண்டில் ‘ராஜமுக்தி’ படத்தில் பாகவதருக்கு அடுத்த இடம். 1949-ல் ‘ரத்னகுமார்’ படத்தில் சின்னப்பாவுக்கு அடுத்த இடம். கதாநாயகன் ஆன பிறகும் இரண்டாவதாக நிற்க அவர் தயங்கவில்லை. 1950-ல் ‘மந்திரிகுமாரி’யும் 1951-ல் ‘மர்மயோகி’யும் வந்த பிறகுதான், வாள் வீசும் வீரன் என்றால் எம்.ஜி.ஆர். என்ற பெயர் நாட்டில் நிலைத்தது.

முப்பத்தேழு வயது மலைக்கள்ளன்

1954-ம் ஆண்டு ஜூலையில் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவாரின் ‘மலைக்கள்ளன்’ வெளிவந்தது. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல்தான் கதை. பகலில் ஒரு பெயர், இரவில் ஒரு பெயர். பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளன். வேடம் மாற்றி, ஊரை ஏமாற்றி, தீயவரை ஓட ஓட விரட்டுவான். மேல்நாட்டு முகமூடி வீரர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுவேதான்.

இந்தப் படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஒரு வேடிக்கை பாருங்கள். எம்.ஜி.ஆர். மலைக்கள்ளனாக வந்தபோது வயது 37. பேர்பாங்ஸ் ஜோரோவாக வந்தபோதும் வயது 37!

1956-ம் ஆண்டில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணப் படமாக வந்தது. அதே ஆண்டு சித்திரைப் பிறப்பன்று ‘மதுரை வீரன்’ வெளிவந்தது. மதுரை வீரன் நம் கிராமங்களில் காவல் தெய்வமாக நிற்பவன். பொங்கலிட்டுக் கும்பிடும் வீரனின் வேடத்தைத் தாங்குவது எளிதல்ல. வயது 39-ல் எம்.ஜி.ஆர். அதைத் தாங்கினார். கொட்டகைக்கு வந்த கிராமத்துப் பெண்கள், திரையில் தெரிந்தது நடிகரா, சாமியா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

1958-ம் ஆண்டு ஆகஸ்டில் ‘நாடோடி மன்னன்’ வந்தது. எம்.ஜி.ஆரே தயாரித்து, இயக்கி, மன்னனாகவும் நாடோடியாகவும் இரட்டை வேடம் போட்ட படம். பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை, பின்பகுதி வண்ணம். கையிலிருந்த பணத்தையெல்லாம் அதில் கொட்டினார். படம் பெரும் வெற்றி கண்டது. வயது 41.

கால் முறிந்தது

மறு ஆண்டே சோதனை வந்தது. 1959-ம் ஆண்டு சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகம். சண்டைக் காட்சியில், பெருத்த உடம்புள்ள குண்டுமணி என்ற நடிகரை எம்.ஜி.ஆர். தலைக்கு மேலே தூக்க வேண்டும். தூக்கினார். பிடி தவறியது. குண்டுமணி அவர் மேலேயே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது.

வயதோ 42. இனி எம்.ஜி.ஆர். குதித்துச் சண்டை போட முடியாது என்று பலர் முடிவு கட்டினார்கள். அவர் பல மாதங்கள் கட்டிலில் கிடந்தார். பிறகு எழுந்தார். மெல்ல நடந்தார். பயிற்சியால் காலைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். மீண்டும் வாள் எடுத்தார்.

1965-ம் ஆண்டு பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்தது. கோழையாக ஒரு பிள்ளை, வீரனாக ஒரு பிள்ளை, இரண்டும் அவரே. பெரியவர் வேடத்தில் வந்த எஸ்.வி. ரங்காராவ் எம்.ஜி.ஆரை விட ஒரு வயது இளையவர்! அதே ஆண்டு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கதாநாயகி ஜெயலலிதாவுக்கு வயது 17. கதாநாயகனுக்கு 48.

இதைக் கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். மகள் வயதுப் பெண்ணோடு காதல் பாட்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கதாநாயகிக்கு நாலைந்து ஆண்டில் வயதாகிவிட்டது என்று சொல்லும் திரை உலகம், கதாநாயகனுக்கு மட்டும் வயதே ஆகாது என்று வைத்துக் கொண்டது. இந்த ஓரவஞ்சனையைச் சொல்லாமல் எம்.ஜி.ஆரின் கதையை முழுமையாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் முறை குரல் உடைந்தது

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி. பொங்கலுக்கு இரண்டு நாள். மறுநாள் ‘தாய்க்குத் தலைமகன்’ படம் வெளிவர இருந்தது. இன்னும் ஐந்து நாளில் எம்.ஜி.ஆருக்கு ஐம்பது நிறையப் போகிறது. சட்டசபைத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் அவர் தி.மு.க. வேட்பாளர்.

பரங்கிமலைக்கு மேற்கே ராமாபுரத்தில் ராமாவரம் தோட்டம் என்பது அவர் வீடு. அன்று மாலை நடிகர் எம்.ஆர். ராதா அங்கே வந்தார். பேச்சு நடந்தது. துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயம். இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பின்னர் வழக்கு நடந்து ராதா சிறை சென்றார்.

செய்தி பரவியதும் ஊரே ஸ்தம்பித்தது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூட்டமாக மக்கள் காத்துக் கிடந்தார்கள். திரையில் எத்தனையோ குண்டுகளைத் தட்டிவிட்டுச் சிரித்தவர் இங்கே கழுத்தில் கட்டோடு படுத்திருந்தார். தேர்தல் வந்தது. வேட்பாளர் தொகுதிக்குப் போகவில்லை. கழுத்துக் கட்டுடன் இருந்த அவர் படம் மட்டும் சுவரொட்டியாகப் போயிற்று. பரங்கிமலை மக்கள் பெரும் வாக்கு வித்தியாசத்தில் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

உயிர் தப்பியது. ஆனால் குரல் தப்பவில்லை. கணீரென்று ஒலித்த பேச்சு குழறியது. இடது காதும் மந்தமாயிற்று. சிறு வயதில் மகரக்கட்டு உடைந்ததைப் போலவே ஐம்பதாவது வயதில் இன்னொரு முறை குரல் உடைந்துவிட்டது.

முதல் முறை குரல் உடைந்த காலத்தில் நாடக உலகத்தின் சட்டம் அவரைப் பின்னால் தள்ளியது. இப்போது என்ன ஆகும்? இதுதான் அன்று எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. நல்ல குரல் உள்ள ஒருவரைப் பின்னால் பேச வைத்துச் சமாளித்திருக்கலாம். எம்.ஜி.ஆர். அப்படிச் செய்யவில்லை. 1967-ம் ஆண்டு செப்டம்பரில் ‘காவல்காரன்’ வெளிவந்தது. அதில் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். ரசிகர்கள் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டார்கள். சொல் சில இடங்களில் தெளிவாக இல்லை. ஆனாலும் கொட்டகையில் கைதட்டல் ஓயவில்லை. படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது.

பிறந்தபோது இருந்த குரலையா மக்கள் காதலித்தார்கள்? இல்லை. கெட்டவனை அடிப்பான், தாயை மதிப்பான், குடிக்க மாட்டான், ஏழைக்குத் துணை நிற்பான் என்ற நம்பிக்கையை அவர்கள் காதலித்தார்கள். அந்த நம்பிக்கையைக் குண்டு துளைக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு

இதே 1967-ம் ஆண்டில் சிவாஜி கணேசன் ‘திருவருட்செல்வர்’ படத்தில் தள்ளாத வயது அப்பராக நடித்தார். சிவாஜிக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அதற்கு முன்பே 1961-ல், ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில், முப்பத்து மூன்று வயதில் வ.உ.சி.யின் முதுமையையும் காட்டிவிட்டார்.

ஒருவர் இளமையில் முதுமையைக் காட்டினார். மற்றவர் முதுமை வந்த பின்னும் இளமையைக் காட்டினார். முன்னதற்கு நடிப்பு வேண்டும். பின்னதற்கு உடம்பைக் கட்டிக் காக்கும் நோன்பு வேண்டும். இரண்டுமே எளிதல்ல. எம்.ஜி.ஆர். கிழவராக நடிக்க முன்வரவில்லை என்பது ஒரு குறை என்றால், கிழவராகாமல் இருப்பதற்கு அவர் நாள்தோறும் உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தாறு வயது வாலிபன்

1969-ல் ‘அடிமைப் பெண்’ வந்தது. அதில் சிங்கத்தோடு மோதினார். வயது 52. 1971-ல் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே சிலம்பம் சுற்றினார். அந்தப் படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது கிடைத்தது. வயது 54.

1970-ம் ஆண்டில் ஜப்பானில் ஒசாகா நகரில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கேயும் கீழ்நாடுகள் சிலவற்றிலும் படம் பிடித்து, 1973-ம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டார். படத்தின் பெயர் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. வாலிபனுக்கு வயது 56! பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. டிக்கெட்டுக்கு அடித்துப் பிடித்துக் கொண்டு நின்றார்கள்.

இதற்கிடையே 1972-ம் ஆண்டு அக்டோபரில் தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டு, அண்ணாவின் பெயரால் தனிக் கட்சி தொடங்கியிருந்தார். 1977-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். அவர் கடைசியாக நடித்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978-ம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்தது. இளம் பாண்டிய இளவரசனாக அதில் வந்தவருக்கு, அறுபத்தோராவது பிறந்த நாளுக்கு மூன்றே நாள் பாக்கி.

உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தில் ஒப்பனையையும் மீறிக் களைப்புத் தெரிந்தது. வயதை எத்தனை காலம்தான் வாசலிலேயே நிறுத்தி வைக்க முடியும்? ஆனால் வயதானதால் அவர் திரையை விட்டுப் போகவில்லை. கோட்டையில் நாற்காலி காத்திருந்ததால் போனார்.

மூன்றாம் முறை

முதலமைச்சராக இருந்து அவர் செய்தவற்றில் 1982-ம் ஆண்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை ஊர் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பசி வென்ற கதையைத் தம் வாழ்விலேயே கண்டவர் அல்லவா?

1984-ம் ஆண்டு அக்டோபரில் கடும் நோய் வந்தது. சிறுநீரகம் பழுதாயிற்று. வாதமும் தாக்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தார்கள். அங்கே இருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். 1985-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு திரும்பினார். உயிர் மீண்டது. பேச்சு மட்டும் முன்போல் மீளவில்லை. மூன்றாம் முறையாகக் குரல் உடைந்தது. மேடையில் அவர் கையை உயர்த்திக் காட்டினாலே கூட்டம் ஆரவாரித்தது. 1987-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி எழுபதாவது வயதில் மறைந்தார். மறு ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

ராமாவரம் தோட்டத்துப் பிள்ளைகள்

துப்பாக்கி வெடித்த அதே ராமாவரம் தோட்டத்தில் இன்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. அவர்களுக்கு உதவ வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். உயிலில் எழுதி வைத்த விருப்பம். குரலின் அருமை குரலை இழந்தவருக்குத்தானே தெரியும்?

இப்போது பள்ளிக்கரணை வீட்டு வாதத்துக்கு வருவோம். பேரன் சொல்வதில் உண்மை உண்டு. தாவவும் குதிக்கவும் இளம் உடம்பு வேண்டும். ஆனால் இருபத்தைந்தில் எம்.ஜி.ஆரிடம் அந்த உடம்பு இருந்தது, வாய்ப்பு இல்லை. முப்பதில் வாய்ப்பு வந்தது, பெயர் நிலைக்கவில்லை. முப்பத்தேழில் இருந்து நாற்பத்தொன்று வரை உடம்பும், கற்ற வித்தையும், பெயரும் மூன்றும் ஒன்றாகக் கூடி நின்றன. வீரனுக்குப் பொன்னான வயது எது என்று கேட்டால், அவர் வாழ்க்கை காட்டுவது அந்த ஐந்து ஆண்டுகளைத்தான்.

அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டு, ரசிகர்களின் நம்பிக்கை அவருக்குக் கொடுத்த வயது. அதைப் பயிற்சியால் சம்பாதிக்கலாம். ஒப்பனையால் சம்பாதிக்க முடியாது.

பேரன் தன் கைப்பேசியிலேயே ‘மலைக்கள்ளன்’ படத்தைப் போட்டுப் பாட்டியிடம் நீட்டினான். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். வாதம் அத்துடன் நின்றது.